வண்டிக்குக் கடல் தண்ணீர் ஊற்றிய செலின்

செலின் என்கிற பேரை நான் முதலில் கேட்டபோது அவள் பிறந்திருக்கவில்லை. அது ஒரு வள்ளத்தின் பேர்.

என் சித்தி மகன் பிரகாசம் இந்தத் தீவின் ஜங்லிகாட் கரையில் அந்த வள்ளத்தைக் கட்டினான். அவனுக்கு வரிசையாக மூன்று ஆண் பிள்ளைகள். பெண் பிறந்தால் வைக்க ஒரு பேர் யோசித்து வைத்திருந்தான். பிள்ளைக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அதை வள்ளத்தின் மூக்கில் எழுதிவிட்டான். நான் அப்போது கல்யாணமாகி ஹேடோவில் இருந்தேன். "செலினைத் தண்ணியில இறக்கப் போறோம், வா" என்று ஆள் வந்து கூப்பிட்டபோதுதான் அந்தப் பேர் என் காதில் விழுந்தது. பதினோரு மாதம் கழித்துப் பெண்ணும் பிறந்தது. வேறு பேர் வை என்று எல்லோரும் சொன்னோம். "வள்ளம் நல்லா ஓடுது, இவளும் ஓடுவா" என்றான்.

பிரகாசம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்துக் கரையிலிருந்து அவன் தாத்தா கொண்டுவந்த வழக்கம். புது வள்ளம் கடலில் இறங்குவதற்கு முன்னால், வீட்டிலே மூத்தவர் ஒரு பித்தளைச் செம்பில் கடல் தண்ணீர் மொண்டு வந்து அதன் மூக்கில் மூன்று தடவை ஊற்ற வேண்டும். கடலுக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டும் என்பார்கள். பங்குச் சாமியார் வந்து மந்திரிப்பது அதற்குப் பிறகுதான். செலினுக்கு ஞானஸ்நானம் முடிந்து கோயிலிலிருந்து திரும்பும்போதும் பிரகாசம் அந்தச் செம்போடு நின்று அவள் காலை நனைத்தான். பிள்ளை வீறிட்டு அழுதது. நான்தான் வாங்கித் துடைத்தேன்.

வள்ளம் சுனாமியில் போயிற்று. பிரகாசம் அதற்கு நாலு வருஷம் கழித்துப் போனான். செம்பு செலினிடம் வந்தது.

அவள் பத்தாவது வரை படித்தவள். ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கும் லாரன்ஸைக் கட்டிக்கொண்டு மரைன் ஹில்லில் இருந்தாள். ஒன்பது வருஷம் ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவாகப் போனாள். அந்த வேன் டிரைவர் குடித்துவிட்டு வந்த ஒரு நாள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "நீ பின்னால உக்காரு, நான் ஓட்டுதேன்" என்றாள். ஓட்டவும் செய்தாள். லைசென்ஸ் அதற்குப் பிறகு எடுத்ததுதான். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு வெள்ளை வேன் எடுத்தாள். இரண்டு நடையாக இருபது பிள்ளைகள்.

வண்டி எடுத்த அன்று நானும் ஷோரூமுக்குப் போயிருந்தேன். மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், அட்டையில் செய்த பெரிய சாவியை அவள் கையில் கொடுத்து வீடியோ எடுத்தார்கள். அப்போது செலின் பையிலிருந்து ஒரு பாட்டில் கடல் தண்ணீரையும் அந்தப் பித்தளைச் செம்பையும் வெளியே எடுத்தாள்.

லாரன்ஸ் அவள் முழங்கையைப் பிடித்தான். "ஏட்டி, வள்ளத்துக்கு ஊத்துறத வண்டிக்கு ஊத்தாத. இரும்பு இது."

"உங்க காசா, என் காசா?" என்றாள். வீட்டில் மூத்தவள் நான் என்று செம்பை என்னிடம் கொடுத்தாள். நான் வண்டியின் முன்பக்கம் மூன்று தடவை ஊற்றினேன். ஒரு படிகூட இராது. ஷோரூம்காரர்கள் கைதட்டினார்கள். புதுமாதிரியாக இருக்கிறது என்று அந்த வீடியோவை அவர்களே தங்கள் விளம்பரத்தில் போட்டார்கள்.

பதினாலு மாதம் வண்டி நன்றாக ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலையில், மரைன் ஹில் ஏற்றத்தில் பத்துப் பிள்ளைகளோடு ஏறும்போது எஞ்சின் அப்படியே அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, வண்டி உறுமவில்லை. பிள்ளைகளை ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வைத்து வரிசையாக நடத்தியே பள்ளிக்கூடத்தில் விட்டாள். வண்டியைக் கயிறு கட்டி ஷோரூம்காரர்களின் சர்வீஸுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கே பள்ளிக்கூடத்துப் பெரிய சிஸ்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். "அடுத்த திங்கள் வரைக்கும் பெற்றோர்களைச் சமாளிக்கிறேன், செலின். அதற்குள்ளே வண்டி வரவில்லையென்றால் பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிடுவேன். மாற்றினால் வருஷக் கடைசி வரைக்கும் மாற்றினதுதான்." பிள்ளைகள் போனால் கடன் கட்ட வழியில்லை. கடன் கட்டாவிட்டால் வண்டி கையில் நிற்காது. அவளுக்கு ஒரு வாரம் இருந்தது.

மறுநாள் சர்வீஸில் கூப்பிட்டார்கள். அவள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மேனேஜர் பிரவீன்குமார் கோயம்புத்தூர்ப் பிள்ளை, தீவுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கழுத்தில் அட்டை தொங்கும், பேச்சில் மரியாதைக்குக் குறைவிராது.

"மேடம், முன் சீட்டுக்கு அடியில ஈசிஎம்னு ஒரு பெட்டி இருக்குங்க. எஞ்சினையே அதுதான் நடத்துது. அதுல வயர் சொருகுற பின்னெல்லாம் உப்புப் பூத்துப் பச்சையா இருக்கு. பெட்டியை மாத்தணும். வயரிங்கோட சேர்த்து நாற்பத்தெட்டாயிரம் ஆகுங்க."

"ஆகட்டும். மூணு வருஷம் வாரண்டி இருக்குல்ல?"

"அதுதான் மேடம் பிரச்சனை. வாரண்டியில கடல் தண்ணி வராதுங்க." சொல்லிக்கொண்டே போனை எங்கள் பக்கம் திருப்பினார். நான் செம்போடு நிற்கிறேன். தண்ணீர் விழுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். "பாட்டி ஊத்துறது நல்லாவே தெரியுதுங்களே."

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. எழுபத்தெட்டு வயதில் ஒரு வண்டியைக் கெடுத்தவள் என்று என் படத்தையே எனக்குக் காட்டுகிறார்கள். செலின் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜரையே பார்த்தாள்.

"எங்க அத்த ஊத்துனது முன்னால. பெட்டி இருக்கிறது சீட்டுக்கு அடியில. தண்ணி என்ன, கதவைத் திறந்து ஏறி உக்காந்துச்சா?"

"கம்பெனி ரூல் மேடம். நான் என்ன பண்ண முடியும்? ஒண்ணு பண்றேன். பாதி நான் பேசிக் குறைச்சுத் தர்றேன். நீங்க இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

அவள் தாளை வாங்கி நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். கடல் தண்ணீர் ஊற்றியது என் தவறு, இனி இந்த வண்டியின் வயரிங் எதற்கும் வாரண்டி கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தது. மேஜையில் திருப்பி வைத்தாள்.

"பாதி தாறேன்னா பாதித் தப்பு என்னுதுன்னு ஆயிரும். அது என்னுது இல்ல."

அன்று சாயங்காலம் வீட்டில் லாரன்ஸ் தாம்தூம் என்று குதித்தான். "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? இருபத்திநாலாயிரத்தைக் கட்டிட்டு வண்டிய எடு. கையெழுத்து தானே? கையா போயிரும்?"

"நீங்க போடுங்க கையெழுத்து. ஐஸ் உருகுனதெல்லாம் என் தப்புன்னு உங்க முதலாளிட்ட எழுதிக் குடுங்களேன், பாப்போம்."

"அத்த, நீயாவது சொல்லேன்" என்று என்னிடம் திரும்பினான்.

நான் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் ஊற்றியது என் கை. "நாளைக்கு நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை காலையில் செலின் ஜங்லிகாட்டில் இறங்கி ஒரு கேன் நிறையக் கடல் தண்ணீர் பிடித்தாள். அதே செம்பையும் எடுத்துக்கொண்டாள். போகிற வழியில் ஸ்டாண்டில் இருந்த இரண்டு வேன் டிரைவர்களையும் கூட்டிக்கொண்டாள். சர்வீஸ் வாசலில் கேனை இறக்கி வைத்துவிட்டு, "சாரைக் கூப்பிடுங்க, ஊத்திக் காட்டப் போறேன்" என்றாள்.

பிரவீன்குமார் வெளியே வந்து, "மேடம், இதென்ன மேடம்" என்றார்.

"வண்டி என்னுது. தண்ணி கடல்து. உங்களுக்கு இதுல செலவு ஒண்ணும் இல்ல."

அங்கே மொண்டல் என்று ஒரு வங்காளி மெக்கானிக். முப்பது வருஷம் தீவு வண்டிகளையே பிரித்து மாட்டியவர். அவரே முன் சீட்டைத் தூக்கி, பெட்டி இருந்த இடத்தில் ஒரு காய்ந்த செய்தித்தாளை விரித்தார். நான் அன்று ஊற்றிய மாதிரியே ஊற்றினேன். மூன்று செம்பு. டிரைவர்கள் இன்னும் மூன்று ஊற்றச் சொன்னார்கள், அதையும் ஊற்றினேன். எல்லோரும் கால் மணி நேரம் நின்றோம். பிறகு மொண்டல் குனிந்து அந்தத் தாளை எடுத்தார். அந்தக் காய்ந்த தாளாலேயே தன் முகத்துக்கு விசிறிக்கொண்டார். டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள்.

மேனேஜருக்கு முகம் சிவந்தது. "ஒரு நாள் ஊத்துனதுல எல்லாம் தெரியாதுங்க மேடம்."

"நானும் ஒரு நாள்தான் சார் ஊத்துனேன்."

"மீன் கூடை ஏத்திருப்பீங்க. உங்க ஆளுங்க..."

"எங்க ஆளுங்க?" என்று அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "சொல்லுங்க, முழுசாச் சொல்லுங்க. இது பள்ளிக்கூட வண்டி. பிள்ளைங்க உக்காருற இடத்துல மீன் கூடை வச்சா முதல்ல நான் சாப்பிடுவேனா அந்தப் பிள்ளைங்களோட அம்மாமார் என்னைச் சாப்பிடுவாங்களா? மோந்து பாருங்க. வாங்க, குனிஞ்சு மோந்து பாருங்க."

அவர் குனியவில்லை. மொண்டல்தான் குனிந்தார். சீட்டுக்கு அடியிலிருந்த கார்பெட்டின் ஓரத்தைப் பிய்த்து மேலே தூக்கினார். அதன் அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாக உப்பு. தகரத்தில் விரல் உயரத்துக்கு ஒரு கோடு, கரையில் அலை வந்து போன இடம் மாதிரி.

"ஊப்பர் கா பானி நஹி" என்றார். மேலேயிருந்து விழுந்த தண்ணீர் இல்லையாம். உள்ளே வந்து பல நாள் தேங்கிக் கிடந்த தண்ணீராம்.

மேனேஜர் அவரை முறைத்தார். மொண்டல் கையைத் துடைத்துக்கொண்டே, "மைனே குச் நஹி போலா, சாப். கார்பெட் போலா" என்றார். தான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னது கார்பெட் என்று அர்த்தம். அன்றைக்குப் பிறகு அவரை ஒரு வாரம் டயர் கழற்றுகிற இடத்தில் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து செலின் ஷோரூம் வீடியோவை மறுபடி மறுபடி ஓடவிட்டாள். முந்தின நாள் அதைப் பார்க்கவே மாட்டேன் என்றவள் இவள்தான். மாலை, கேக், செம்பு எல்லாம் முடிந்து அவள் கதவைத் திறந்து ஏறுகிற இடத்தில் நிறுத்தினாள்.

"அத்த, இங்க பாரு. தரையில என்ன?"

என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் பெரிதாக்கிக் காட்டினாள். செய்தித்தாள். புது வண்டிக்குள், காலடியில், கட்டுக் கட்டாகச் செய்தித்தாள் விரித்திருந்தது.

"வாசனை பாட்டிலும் ரெண்டு வச்சிருந்தான். அன்னைக்கே எனக்கு மூக்கு எரிஞ்சுது. புது வண்டி வாசம்னான். நான் வண்டி எடுக்கிறதுக்கு முன்னாலயே உள்ள ஈரம் இருந்திருக்கு, அத்த. எங்கிட்ட வர முன்னால இது எங்க கிடந்துச்சு?"

எங்கே கிடக்கும்? இந்தத் தீவில் வண்டி முளைக்காது. எல்லாம் சென்னையிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். என் வீட்டுக்காரர் ஹேடோ வார்ஃபில் இருபத்தாறு வருஷம் சாமான் இறக்கியவர். கப்பலிலிருந்து ஒரு மூட்டை கிழிந்து வந்தாலும் சாமானை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க் அதைத் தாளில் எழுதி, சாமான்காரனிடம் கையெழுத்து வாங்காமல் வெளியே விடமாட்டார் என்று அவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அதை அவளிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிவிட்டாள்.

ஹேடோவில் இப்போது அந்த வேலையில் இருப்பவர் குழந்தைவேலு. அவருடைய அம்மா மங்கையர்க்கரசியும் நானும் ஒரே கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தவர்கள். அந்த அம்மாவின் தங்கையைத் தெற்கே கேம்பல் பே என்ற ஊரில் கட்டிக் கொடுத்தபோது சீர் மூட்டைகளைக் கப்பலில் ஏற்றிவிட்டது என் வீட்டுக்காரர்தான். அதனால் உரிமையோடு போய் நின்றேன்.

"தம்பி, உங்க அம்மா மூணு நாளும் என் மடியிலதான் வாந்தி எடுத்தா" என்று ஆரம்பித்தேன்.

"அம்மா நிறையத் தடவை சொல்லியிருக்காங்க, பெரியம்மா. நீங்க எடுத்ததாத்தான் சொன்னாங்க" என்றார் அவர். செலின் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொந்தம் சொல்லிக்கிட்டு வந்தா தாள் வந்துராது. வண்டி உங்க பேர்ல இருக்குல்லங்க? சேசிஸ் நம்பர் போட்டு மனு எழுதிக் கொடுங்க. இருந்தா நகல் தருவேன். இல்லைன்னா இல்லைன்னும் எழுதித் தருவேன். எதுவா இருந்தாலும் சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் செலின். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள்.

வியாழன் போயிற்று. ஏதோ பெரிய அதிகாரி வருகிறார் என்று ஆபீஸில் யாரும் சீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை மூன்று பெற்றோர் போன் பண்ணி, தாங்கள் வேறு வண்டி பேசிவிட்டதாகச் சொன்னார்கள். "சரி, பிள்ளைகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்று செலின் போனை வைத்தாள். லாரன்ஸ் இருபத்திநாலாயிரத்தை ஒரு கவரில் போட்டு அவள் முன்னால் கொண்டு வந்து வைத்தான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். அவள் அந்தக் கவரை எடுத்து அரிசி டப்பாவுக்கு மேலே வைத்தாள். "பத்திரமா இருக்கட்டும். டயர் வாங்க உதவும்" என்றாள்.

வெள்ளி மாலை, ஆபீஸ் மூடும் நேரத்துக்கு, குழந்தைவேலு நகலைக் கொடுத்தார். அந்தக் கப்பலில் ஒன்பது வண்டிகள் வந்திருக்கின்றன. செலின் அந்த இங்கிலீஷை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். வழியில் கடல் கொந்தளிப்பு. நாலாவது வண்டியின் உள்ளே கடல் தண்ணீர். தரை நனைந்திருக்கிறது. ஈரத்தோடு ஒப்படைக்கப்பட்டது. கீழே ஷோரூம் முத்திரையும், பெற்றுக்கொண்டவர் கையெழுத்தும். நாலாவது வண்டியின் நம்பர் அவள் வண்டியின் நம்பர்.

அவள் கத்தவில்லை, குதிக்கவில்லை. தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, "ஒரு வருஷத்துக்கு மேலா தெரிஞ்சே வச்சிருந்திருக்கானுங்க, அத்த. தெரிஞ்சே உன் படத்தைக் காட்டுனானுங்க" என்றாள்.

சனிக்கிழமை காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நின்றோம். பிரவீன்குமார் அந்தத் தாளை வாசித்தார். அவருக்கு நிஜமாகவே தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் வருவதற்கு முன்னால் நடந்த காரியம் அது. உள்ளே போய் யாருடனோ அரை மணி நேரம் போனில் பேசினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தாளும், முகத்தில் ஒரு சிரிப்பும் இருந்தன.

"மேடம், பேசிட்டேன். கம்பெனியில குட்வில்லுக்காக முழுசாவே ஃப்ரீ பண்ணித் தர்றோம். ஒரு பைசா வேண்டாம். இதுல மட்டும் ஒரு கையெழுத்து."

லாரன்ஸும் எங்களோடு வந்திருந்தான். "பேனா இருக்கா" என்று சட்டைப்பையைத் தடவினான். செலின் வாசித்தாள். வாடிக்கையாளர் கடல் தண்ணீர் ஊற்றியிருந்தபோதும், நல்லெண்ணத்தின் பேரில் என்று தொடங்கியிருந்தது.

"குட்வில்லுன்னா தயவுதானே சார்?"

"அப்படியும் சொல்லலாங்க."

"தயவு வேண்டாம். வாரண்டி வேணும்."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்? காசு கட்டப் போறதில்லையே நீங்க."

"ஒண்ணு இல்ல. தயவுன்னா அடுத்த மாசம் ஒரு வயர் போனா, அன்னைக்குத் தந்தோம், இன்னைக்கு இல்லன்னு சொல்லுவீங்க. வாரண்டின்னா சொல்ல முடியாது. அப்புறம் இந்த முதல் வரி. ஊத்தியிருந்தபோதும். அதை அடிங்க. கப்பல்ல வந்த தண்ணின்னு எழுதுங்க. எழுதி நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் இல்ல."

"அப்படியெல்லாம் எழுத முடியாது மேடம்."

"சரி. அப்ப நான் இந்தத் தாளையும் உங்க வீடியோவையும் எடுத்துக்கிட்டு கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறேன். மீதி எட்டு வண்டிக்காரங்களும் யாருன்னு கண்டுபிடிக்கிறது இந்த ஊர்ல பெரிய காரியமில்ல. எங்க அத்த ரெண்டு நாள்ல சொல்லிரும்."

"ஒரு நாள் போதும்" என்றேன் நான்.

திங்கட்கிழமை போனால் பிள்ளைகள் போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலின்மேல் ஒரு கால் போட்டுக்கொண்டாள். லாரன்ஸ் வியர்த்துக்கொண்டு நின்றான். மேனேஜர் மறுபடியும் போன் பேசப் போனார். பன்னிரண்டு மணிக்குப் புதுத் தாள் வந்தது. வாரண்டியில் மாற்றியது, காரணம் வண்டியை ஒப்படைக்கும் முன் கப்பலில் கடல் நீர் புகுந்தது என்று இருந்தது. கீழே பிரவீன்குமார் கையெழுத்து. பெட்டி ஸ்டாக்கில் இருந்தது, சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி உறுமியது. மொண்டல் டயர்ப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

வண்டி வாசலுக்கு வந்ததும் செலின் இறங்கினாள். புதன்கிழமை விட்டுப்போன கேனில் பாதித் தண்ணீர் இன்னும் இருந்தது. செம்பில் மொண்டு என் கையில் கொடுத்தாள்.

"ஏட்டி, வேண்டாம்ட்டி" என்றான் லாரன்ஸ்.

"ஊத்து அத்த. சார், இதையும் வீடியோ எடுங்க. விளம்பரத்துல போடுங்க."

நான் மூன்று தடவை ஊற்றினேன். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ஆனால் யாரும் தடுக்கவுமில்லை.

திங்கட்கிழமை காலையில் பதினேழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனாள். வேறு வண்டி பேசிய மூன்று பேர் திரும்பி வரவில்லை.

செலினுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. மரைன் ஹில்லில் அதே வீட்டில் இருக்கிறாள். அந்த வெள்ளை வேனைத்தான் இன்னும் ஓட்டுகிறாள். காலை ஆறேமுக்காலுக்கு முதல் நடை.